சைமன் யாரு மிஸ்?

சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருபவருக்கு முதலில் முழங்கால் நன்றாக இருக்க வேண்டும். இலக்கணம், உச்சரிப்பு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'ஜம்ப்' என்று கரும்பலகையில் எழுதினால் ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை திரும்பிப் பார்க்காது. மிஸ் குதிக்க வேண்டும். ஒரு தரம் குதித்தால் 'இன்னொரு வாட்டி மிஸ்' என்பார்கள். அந்தப் பாடம் வரும் வாரத்தில் என் கைப்பையில் தைலம் இருக்கும்.

எங்களைக் குதிக்க வைத்தவர் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர். கைக்குழந்தை பேசத் தொடங்குவதற்கு ரொம்ப நாள் முன்பே, 'இங்க வா', 'அதைத் தொடாத', 'வாயைத் திற' என்று அம்மா சொல்வதையெல்லாம் புரிந்துகொண்டு உடம்பால் பதில் சொல்கிறது. புது மொழியையும் அப்படியே கொடுங்கள், முதலில் காதும் கைகாலும் வேலை செய்யட்டும், வாய் அதன் நேரத்தில் திறக்கும் என்று 1960களில் அவர் சொன்னார். டி.பி.ஆர். என்று அதற்குப் பெயர். நியாயமான பேச்சு. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் 'ஜம்ப்' சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் 'ஸ்டாப்' சொல்லிக்கொடுங்கள் என்று ஆசிரியர் கையேடுகளில் கொட்டை எழுத்தில் போட வேண்டும். எங்கள் பள்ளியில் ஓர் அறையை பீரோ ஒன்றுதான் இரண்டாகப் பிரிக்கிறது. இந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு குதித்தால், அந்தப் பக்கம் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நாலாம் வகுப்புக்கும் கால் அரிக்கும். பிறகு பீரோவும் குதிக்கும்.

நாற்காலியில் உட்காரலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், ஆசிரியரை நாற்காலியிலிருந்து இறக்கிப் பாயில் உட்கார வைத்தது. சுவரின் அடிப்பாகத்தில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கறுப்புப் பலகை, தட்டுகளில் அட்டைகள், பாடத்தில் படிப்படியாக ஏறிப் போகக் கற்றல் ஏணி. பிள்ளைகளுக்கு அது விடுதலை. பாயில் உட்கார்ந்த டீச்சர் எழுந்திருப்பதற்கு மட்டும் ஏணி எதுவும் வைக்கவில்லை. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகள் மூன்று நிலையானார்கள். கைப்பாவை, விரல் பொம்மை, ஆட்டம், பாட்டு என்று வகுப்பு நிறைந்தது. எனக்கு இது பிடித்தே இருக்கிறது. ஒரு விரலில் சிங்கமும் இன்னொரு விரலில் எலியுமாக நின்று 'ஹலோ, ஹவ் ஆர் யூ' என்று எனக்கு நானே கேட்டு எனக்கு நானே பதில் சொல்லும்போது ஜன்னல் வழியாக யாராவது பெற்றோர் பார்க்காமல் இருந்தால் போதும்.

இதையெல்லாம் எங்களுக்குக் கற்றுத்தரும் இடம் பயிற்சி வகுப்பு. அங்கே காலையில் 'எனர்ஜைசர்' என்று ஒன்று உண்டு. பணி ஓய்வுக்குச் சில மாதங்களே இருக்கும் தலைமையாசிரியர்கள் வட்டமாக நின்று தவளையாகத் தாவுவார்கள். பிறகு ஐந்து குழு, குழுவுக்கு ஒரு சார்ட் பேப்பர், இரண்டு ஸ்கெட்ச் பேனா. அதில் ஒன்று எழுதாது. படம் வரைந்து வந்து விளக்கினால் 'மழைக் கைத்தட்டல்' கிடைக்கும்: ஒரு விரலால் தட்டி, இரண்டு விரலாகி, ஐந்து விரலில் மழை கொட்டி, மறுபடி ஒரு விரலுக்கு இறங்கி ஓயும். அந்த அறையில் எல்லாச் செயல்பாடும் பிரமாதமாக நடக்கும். நடக்காமல் என்ன? உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் ஏற்கெனவே ஆங்கிலம் தெரியும். யாரும் யாருடைய பென்சிலையும் கடிக்க மாட்டார்கள். முக்கியமாக, நடுவில் எழுந்து சுண்டுவிரலைக் காட்ட மாட்டார்கள்.

அங்கிருந்து கொண்டுவந்த சரக்கில் முதலாவது 'சைமன் சேஸ்'. விதி எளிது. 'சைமன் சேஸ், டச் யுவர் நோஸ்' என்றால் மூக்கைத் தொட வேண்டும். சைமன் பெயரைச் சொல்லாமல் வெறுமனே 'டச் யுவர் நோஸ்' என்றால் தொடக் கூடாது. தொட்டால் அவுட். உலகம் முழுக்க ஆங்கில வகுப்புகளில் ஓடும் விளையாட்டு.

"சைமன் யாரு மிஸ்?"

"சும்மா ஒரு பேருடா."

"அவரு எங்க மிஸ் இருக்காரு?"

"கண்ணு, அவரு இங்க இல்ல."

"இல்லாதவரு சொன்னா எதுக்கு மிஸ் கேக்கணும்?"

அன்றே சைமனைப் பணியிலிருந்து விடுவித்து 'மிஸ் சேஸ்' என்று மாற்றினேன். அதில் வேறு சிக்கல் முளைத்தது. சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகள் முதல் சுற்றிலேயே அவுட். மிஸ் வாயிலிருந்து எது வந்தாலும் செய்துதான் பழக்கம் அவர்களுக்கு. 'சேஸ்' இருந்ததா இல்லையா என்று சட்டம் பார்க்கவில்லை. அழுதுகொண்டே சுவரோரம் போய் உட்கார்ந்தார்கள். கடைசிவரை அசையாமல் நின்று ஜெயித்தவன், ஜூன் மாதத்திலிருந்து நான் சொன்ன எதையுமே செய்யாதவன். அன்றைக்கும் அவன் அதைத்தான் செய்தான். மழைக் கைத்தட்டல் அவனுக்குப் போனது.

பந்து விளையாட்டும் அப்படித்தான். பாட்டு ஓடும்வரை பந்தைக் கைமாற்ற வேண்டும்; பாட்டு நிற்கும்போது யார் கையில் பந்தோ அவர் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சுடுகிற உருளைக்கிழங்கைத் தள்ளிவிடும் வேகத்தில் பந்து பறக்கும் என்று கையேடு சொல்கிறது. பந்து பழையதாக இருந்தால் பறக்கலாம். நான் வாங்கிப் போனது புதுப் பந்து. கைக்கு வந்ததை யாரும் அடுத்தவருக்குக் கொடுக்கவில்லை. ஒருத்தி மடியில் வைத்துப் பாவாடையால் மூடிக்கொண்டாள். பாட்டு முடிந்து, அடுத்த பாட்டும் முடிந்து, கைபேசியில் ஒரு விளம்பரமும் முடிந்தது. பந்து நாலு பேரைத் தாண்டவில்லை. ஆனால் 'கிவ் மீ, கிவ் மீ' என்று வகுப்பே கத்திய கத்தலில் அந்த இரண்டு சொல்லும் அவர்களுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

காதோடு காது ரகசியம் சொல்லும் விளையாட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. முதல் பிள்ளையின் காதில் 'தி கேட் இஸ் ஆன் தி மேட்' என்று அனுப்பினேன். கடைசிப் பிள்ளை எழுந்து நின்று, "கேட்டுல மாட்ட கட்டாத" என்று அறிவித்தது.

படம் காட்டிச் சொல் கற்பிப்பதில் வம்பில்லை என்று நினைப்பீர்கள். எங்கள் படஅட்டைகள் எல்லாம் கல்யாணப் பத்திரிகைகளின் முதுகில் பிறந்தவை. நல்ல தடி அட்டை, காசில்லாமல் கிடைப்பது, ஒரு பக்கம் வெறுமை. முன்பக்கம் நான் வரைந்த ஆப்பிள். பின்பக்கம் 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கி முகூர்த்த நேரம்வரை இருக்கும். அட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுத்த மறு நொடி திருப்பிவிட்டார்கள். அரும்பு நிலையில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த பிள்ளை மணமகளின் தாத்தா பெயரை முழுசாக வாசித்தது. "மாப்பிள்ளை பி.ஈ. மிஸ்" என்றது இன்னொன்று. "நீங்க எவ்வளவு மிஸ் மொய் வச்சீங்க?" என்றது மூன்றாவது. தமிழ் வாசிப்பு அன்று அமோகமாக நடந்தது. ஆப்பிள் கேட்பாரற்றுக் கிடந்தது.

வாழைப்பழம்தான் திருப்பம். எங்கள் ஊர் திருச்சிக்கு மேற்கே காவிரிக் கரையில், தொட்டியம் பக்கம். கண் போகும் தூரம் வாழை. 'திஸ் இஸ் எ பனானா' என்று அட்டையைத் தூக்கினேன். வழக்கமாக எல்லாரும் கோரஸாகத் திருப்பிச் சொல்வார்கள். அன்று அமைதி. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"எந்தப் பழம் மிஸ்?"

"பனானாடா. வாழைப்பழம்."

"அதான் மிஸ், பூவனா ரஸ்தாளியா?"

"ஏலரிசிடா அது" என்றான் ஒருவன். "ஏலரிசி இவ்ளோ நீளமாவா இருக்கும்? மொந்தன் மிஸ் இது, வறுவல் போடறது" என்றாள் ஒருத்தி. நான் வரைந்தது எந்த ரகமும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை நடந்தது. அடக்குவதற்குப் பதில், 'சண்டையை இங்கிலீஷ்ல போடுங்க' என்றேன். மறுநாள் ஆளுக்கொரு பழமாகக் கொண்டுவந்தார்கள். 'திஸ் இஸ் பூவன். தட் இஸ் நாட் பூவன். தட் இஸ் ரஸ்தாளி. பூவன் இஸ் ஸ்மால். மொந்தன் இஸ் பிக். மொந்தன் நோ ஈட், ஒன்லி வறுவல்.' ஐந்து அட்டை வைத்துக்கொண்டு நான் தொண்டை கிழியக் கத்தியும் ஏறாத 'திஸ்'ஸும் 'தட்'டும் பழம் உரிப்பதற்குள் ஏறிவிட்டன. 'ஈட்' என்ற வினைச்சொல்லுக்குத் தனியாகச் செயல்பாடு தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கொள்கைதான். பிள்ளைக்கு அதில் சொந்தக் காரியம் இருக்கிறதா? இருந்தால் ஆங்கிலம் வரும். இல்லையென்றால் நான் சிங்கமாகவே மாறினாலும் வராது. இதைச் சோதிக்க, புகார்களை இனி ஆங்கிலத்தில் மட்டுமே வாங்குவேன் என்று அறிவித்தேன். கொஞ்ச நாள் பள்ளியில் அப்படியோர் அமைதி. அடி வாங்கியவர்கள் சொல் கிடைக்காமல் திரும்பிப் போனார்கள். பிறகு ஒருத்தி கண்ணீரோடு வந்து நின்றாள். "மிஸ், ஹீ கிள்ளிங் மிஸ். ஐ நோ கிள்ளிங். ஹீ ஒன்லி கிள்ளிங்." குற்றவாளி யார், நிரபராதி யார், சம்பவம் தொடர்கிறதா என்று எல்லாமே அதில் இருந்தது. கிள்ளுவதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். மாலைக்குள் வகுப்பு முழுக்க 'பிஞ்ச்' பரவியது. சொல்லும் பரவியது, செயலும் பரவியது.

ஒலிப்புமுறைக்கு எதிர்ப்பு வெளியிலிருந்து வந்தது. ஏ, பி, சி, டி என்ற வரிசையை விட்டுவிட்டு எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்தின் ஒலியை முதலில் கொடுப்பது இப்போதைய வழக்கம். காரணம் உண்டு: இந்த ஆறையும் வைத்தே சாட், பின், டேப், டின், பேன் என்று ஒரு கூட்டம் சொற்களை உடனே வாசித்துவிடலாம். ஏ, பி, சி, டியை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது. 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பாகச் சீறிக்கொண்டு வீடு போன பேரனைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டி வந்தார்.

"ஏம்மா டீச்சரு, ஏபிசிடியையே மாத்திட்டீங்களா?"

"மாத்தலைங்க பாட்டி. சத்தம் மொதல்ல, பேரு அப்புறம்."

"எம் மவன் படிச்சப்ப ஏதான் மொதல்ல இருந்துச்சு. பேரனுக்குப் பாம்பு மொதல்ல வருது. பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறா."

இது புதுப் பழக்கம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கொமீனியஸ் 1658இல் நியூரம்பெர்கில் அச்சிட்ட படப் பாடநூல் எழுத்துகளை விலங்குகளின் குரலோடுதான் தொடங்குகிறது: காகம் கரைகிறது, ஆடு கத்துகிறது, பாம்பு சீறுகிறது. ஆனால் பாட்டியிடம் கொமீனியஸ் எடுபட மாட்டார். "உங்க பேரன் டின் பால் டப்பால இருக்கற எழுத்தைப் படிக்கறானான்னு பாருங்க" என்று அனுப்பினேன். படித்திருக்கிறான். பாட்டி அதைப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்.

இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் 'பேர் வொர்க்' பயிற்சி வகுப்புகளில் வெளிநாட்டுச் சரக்கு மாதிரி அறிமுகமாகும். அது எழும்பூரிலிருந்து ஏற்றுமதியானது. 1789இல் அங்கே ஆதரவற்ற ஆண் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு வந்து, தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர் முடியாது என்றார். பெல், ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பையன் நடத்திவிட்டான். 1797இல் பெல் லண்டனில் அதை எழுதி வெளியிட, 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. நம்மூர்ச் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய், பேரை மாற்றிக்கொண்டு, சார்ட் பேப்பரோடு திரும்பி வந்திருக்கிறார்.

என் வகுப்பிலும் ஒரு பெண் ஃப்ரிஸ்கன் இருக்கிறாள். மூன்றாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையில் அளவுகோல். "லிசன் ஹியர்! லுக் அட் தி போர்ட்! என்ன அங்க பேச்சு? நான் கத்திக்கிட்டே இருக்கேன், உங்களுக்கு வெளையாட்டா இருக்கா?" பிறகு கண்ணை மூடி ஒரு பெருமூச்சு; முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். அவளுக்கு வயது எட்டு. முழங்காலில் ஒரு குறையும் கிடையாது.

எல்லாவற்றிலும் என் ஓட்டு கடை விளையாட்டுக்குத்தான். பிள்ளைகள் வீட்டிலிருந்து காலி சோப்பு அட்டை, தீப்பெட்டி, ஷாம்பு உறை, பிஸ்கட் உறை எல்லாம் கொண்டுவருவார்கள். புளியங்கொட்டைதான் பணம். கையேட்டில் இந்த உரையாடல் இப்படி இருக்கும்: 'குட் மார்னிங். மே ஐ ஹேவ் எ சோப், ப்ளீஸ்?' எங்கள் ஊரில் இப்படி ஒருவர் போய்க் கேட்டால், கடன் கேட்க வந்திருக்கிறார் என்று கடைக்காரர் கணக்கு நோட்டை ஒளித்துவைப்பார்.

கடைக்காரனாக, வீட்டில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு பையனை உட்கார வைத்தேன். ஆங்கில வகுப்பில் அவன் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. காதில் பென்சிலைச் செருகினான். ஷாம்பு உறைகளைச் சரமாகக் கோத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டான். தீப்பெட்டிகளைப் பேர் தெரியும்படி திருப்பி அடுக்கினான்.

"வாட் யூ வான்ட்?"

"சோப்."

"ட்வென்டி ருபீஸ்."

"டென் ருபீஸ்."

"நோ. கோ."

அடுத்து வந்தவள் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு, புளியங்கொட்டை எடுக்காமல் நின்றாள்.

"மணி?"

"மணி டுமாரோ."

பையன் காதிலிருந்து பென்சிலை எடுத்தான். நோட்டைப் புரட்டினான். நிமிர்ந்து பார்த்தான்.

"யெஸ்டர்டே ஆல்ஸோ டுமாரோ."

நேற்று, இன்று, நாளை மூன்றையும் தினசரிக் காலண்டரைக் கிழித்துக் கிழித்து நான் நடத்தியும் பாதிப் பேருக்கு முன்பின்னாகத்தான் வந்தது. இவன் இரண்டை எடுத்து ஒரே வரியில் ஒரு கடன்காரரை நிறுத்திவிட்டான். வினைச்சொல் இல்லையே என்பீர்கள். கடையில் அதற்கு நேரம் கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் ஓர் அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். பிள்ளைகளிடம் 'வாட் இஸ் யுவர் நேம்' கேட்டார். அது தயாராக இருக்கும் பதில்; கேட்பதற்கு முன்பே வந்தது. திருப்தியாகத் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து முன்வரிசைப் பெண்ணிடம் நீட்டினார்.

"வாட் இஸ் திஸ்?"

அவள் பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தாள்.

"ஃபைவ் ருபீஸ் சார்."

"நோ, நோ" என்று சிரித்தார் அவர்.

"ஓகே சார். செவன் ருபீஸ். லாஸ்ட்."

பார்வைப் பதிவேட்டில் அவர் எழுதிவிட்டுப் போனது: 'மாணவர்கள் ஆங்கிலத்தில் தயக்கமின்றிப் பேசுகின்றனர். பொருள்களின் பெயர்களைக் கற்பிக்கவும்.' எழுதுவதற்குப் பேனாவை அவளிடமிருந்து திரும்ப வாங்க வேண்டியிருந்தது. அவள் கொடுத்தாள், 'கிவ் மீ' என்று அவர் கேட்ட பிறகு.

ஆகவே பெற்றோருக்கும் விருந்தாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டிலோ பள்ளியிலோ சின்னப் பிள்ளையைப் பார்த்ததும் 'வாட் இஸ் யுவர் நேம்' என்று ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கு அந்தப் பேர் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். பேரம் பேசுங்கள், ஒரு பொருளைக் கொடுக்க மாட்டேன் என்று பிடித்து வையுங்கள், யார் கிள்ளினது என்று கேளுங்கள்.

வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால் எறியாமல் பக்கத்து அரசுப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுங்கள். வெல்வெட் ஒட்டியது வேண்டாம், ஸ்கெட்ச் பேனா பிடிக்காது. கும்பாபிஷேகப் பத்திரிகையும் வேண்டாம். அதில் இரண்டு பக்கமும் நன்கொடையாளர் பெயராகவே இருக்கிறது.